கண்ணை அசைத்துச் செய்யும் மனவடுச் சிகிச்சை: யாராவது செய்திருக்கிறீர்களா?

காலிவீதிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், வேலை கொள்ளுப்பிட்டியில். போன வருடம் கார்த்திகையில் யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் போனபோது, புத்தளம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பஸ் ஒரு லொறியோடு மோதியது. எனக்குக் கையில் ஒரு முறிவும் நெற்றியில் ஏழு தையலும், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த அம்மா இறந்துவிட்டார். அவரோடு ஏறியதிலிருந்து கதைத்துக்கொண்டே வந்தேன். பேரப்பிள்ளைக்கு மஸ்கட் இனிப்புக் கொண்டுபோகிறேன் என்று பெட்டியைத் திறந்து எனக்கும் ஒரு துண்டு தந்தார். சிலாபத்தில் பஸ் நின்றபோது நான்தான் "நீங்கள் ஜன்னல் பக்கம் இருங்கள் அம்மா, காற்று வரும்" என்று இடம் மாறினேன்.

கை சுகமாகிவிட்டது. மற்றது ஒன்றும் சுகமாகவில்லை. பஸ்ஸில் ஏற முடியாது என்பதால் வேலைக்குக் கோச்சியில்தான் போகிறேன், கடற்கரை லைனில் வெள்ளவத்தையில் ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்குவது. ஆனால் ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே காலி வீதியில் பஸ் பிரேக் அடிக்கிற அந்த "ஸ்ஸ்" சத்தம் கேட்டால் கால் நின்றுவிடும். ஒபிஸில் யாராவது கதிரையை இழுத்தால் நெஞ்சு அடிக்கிறது. இரவு 2 மணிக்கு எழும்பினால் பிறகு நித்திரை இல்லை. நெய் வாசனை பட்டால் வாந்தி வருகிறது, அது மஸ்கட்டால்தான் என்று எனக்கே தெரியும்.

அம்மா என்னைக் கதிரேசன் கோயிலுக்குக் கூட்டிப்போய் அர்ச்சனை செய்தார், கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் கூட்டிப்போனார், கையில் நூலும் கட்டியிருக்கிறேன். அதில் எனக்குக் குறையே இல்லை, போய் வந்த அன்று நல்லாக நித்திரை வரும். ஆனால் ஒரு நாளைக்குத்தான்.

போன மாதம் மனநல டொக்டரிடம் போனேன். நித்திரைக்கு ஒரு குளிசை தந்து, ஈ.எம்.டி.ஆர். என்று ஒரு சிகிச்சை இருக்கிறது, கண்ணை இடமும் வலமும் அசைத்துச் செய்வது, உங்களுக்குப் பொருந்தும் என்றார். வெளியே அவ்வளவு சனம் நின்றது, ஒன்றும் விளக்கமாகக் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால் ஒருவர் அதிசயம் என்கிறார், ஒருவர் ஏமாற்று வேலை என்கிறார்.

விரலைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது எப்படிப் போகும்? இது ஹிப்னாடிசமா? அந்த இரவை முழுக்க வாயால் சொல்ல வேண்டுமா? ஏனென்றால் அதை என்னால் சொல்ல முடியாது, இடம் மாறியதை என் அம்மாவுக்கே இன்னும் சொல்லவில்லை, இங்கே பெயர் இல்லாததால்தான் எழுதுகிறேன். இன்னொன்று, எனக்கு முன்பிருந்தே எல்லாவற்றுக்கும் பதற்றப்படுகிற குணம் உண்டு, அதற்கும் இது உதவுமா? செய்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.


வன்னிமழை எழுதியது:

தங்கச்சி, வாசித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை, இரண்டு நாள் எடுத்தது. இடம் மாறியதைப் பற்றி எழுதினீர்களே, அதனால்தான்.

நான் அந்தச் சிகிச்சை செய்தவள். கொழும்பில்தான், 11 தடவை போனேன், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம் அளவில். 2009இல் எனக்கு 15 வயது. பங்கருக்குள் இருந்தபோது தண்ணீர் விடாய்க்குது என்று நான் அழுதேன், அண்ணா தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அதற்கு மேல் எழுதவில்லை. நீங்களும் உங்கள் கதையை முழுக்கச் சொல்லத் தேவையில்லை, நானும் அங்கே முழுக்கச் சொல்லவில்லை. எனக்கு இந்தச் சிகிச்சையில் பிடித்ததே அதுதான்.

முதல் மூன்று தடவையும் விரலே காட்டவில்லை. நான் ஏமாந்தேன் என்றுகூட நினைத்தேன். முதல் நாள் சிகிச்சையாளர் என் சீவியத்தைப் பற்றிக் கேட்டார், யார் கூட இருக்கிறார்கள், நித்திரை எப்படி, சாக வேண்டும் என்ற எண்ணம் வருமா என்று நேராகவே கேட்டார். அடுத்த இரண்டு நாளும் மனதுக்கு ஆறுதலான ஓர் இடத்தை நினைக்கப் பழக்கினார். எனக்கு எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடி. துலா, வாழைக்குக் கீழே ஈரமண், வாளி இறங்குகிற சத்தம். எப்போது தாங்க முடியாமல் போனாலும் அந்தக் கிணற்றடிக்குத் திரும்பி வர வேண்டும், வரத் தெரிந்த பிறகுதான் மற்றதைத் தொடுவோம் என்றார். கையை உயர்த்தினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், அதையும் ஒத்திகை பார்த்தோம்.

நாலாவது நாள்தான் தொடங்கியது. நடந்ததில் எந்த ஒரு படம் மிக மோசமாக இருக்கிறது என்று கேட்டார். மஞ்சள் கான் மண்ணில் சரிந்து கிடப்பது. அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது என்றார். "நான் கேட்டிருக்கக் கூடாது, என்ர பிழை". அதற்குப் பதிலாக என்ன நினைக்க முடிந்தால் நல்லது? "நான் சின்னப்பிள்ளை, தண்ணீர் கேட்டேன்". அது உண்மை என்று எவ்வளவு நம்புகிறீர்கள், 1இலிருந்து 7 வரை? நான் 2 என்றேன். படம் எவ்வளவு நோகிறது, 0இலிருந்து 10 வரை? 9. உடம்பில் எங்கே? தொண்டையில்.

பிறகு அவர் கதிரையைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு, இரண்டு விரலை என் முகத்துக்கு முன்னால் இடமும் வலமும் அசைத்தார். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். ஓர் அரை நிமிடம்தான் இருக்கும். நிறுத்தி, மூச்சு விடுங்கள், இப்போது என்ன வருகிறது என்பார். ஒரு வசனம் சொன்னால் போதும். சரி, அதோடு போங்கள் என்று திரும்பவும் அசைப்பார். இப்படியே. விளக்கமும் இல்லை, புத்திமதியும் இல்லை.

என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு தொண்டை அப்படி அடைத்தது, பிறகு சம்பந்தமே இல்லாமல் அண்ணா என்னைச் சைக்கிள் பாரில் வைத்து ரியூசனுக்குக் கொண்டுபோனது வந்தது. இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ செய்யும்போதுதான், நான் அழத் தொடங்கும்போதே கான் அவன் கையில் இருந்ததைப் பார்த்தேன். அவன் எப்படியும் போகத்தான் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். அந்த அறையில் நான் அழுத அழுகை, தங்கச்சி, அவன் போன நாளில்கூட அப்படி அழவில்லை.

வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் தலைப்பாரமும் கனவுமாக இருக்கும், இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஒரு கிழமை வேலைக்கும் போகவில்லை. கடைசியில் 9 என்றது 2க்கு வந்தது. 0 ஆகவில்லை. அண்ணா இல்லைதானே, அது எப்படி 0 ஆகும் என்று அவரிடம் கேட்டேன், அவரும் சரி என்றார். இப்போது அந்தக் கானை நினைத்தால் கவலை வருகிறது. முன்பு கவலை வராது, நானே திரும்ப அந்தப் பங்கருக்குள் போய்விடுவேன். இரண்டும் வேறு வேறு.


பத்துவருடச்சீர்மியம் எழுதியது:

நான் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ஈ.எம்.டி.ஆர். பயிற்சி எடுத்திருக்கிறேன். வன்னிமழை எழுதியதைவிட நல்லாக என்னால் சொல்ல முடியாது, ஆனால் "இது எப்படிப் போகும்" என்ற கேள்விக்கு வருகிறேன்.

இதைக் கண்டுபிடித்தவர் பிரான்சீன் ஷபீரோ என்ற அமெரிக்க உளவியலாளர். 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது தன்னை அலைக்கழித்த நினைவுகளின் உறைப்பு குறைவதைக் கவனித்தார், அந்த நேரம் தன் கண்கள் இங்குமங்கும் வேகமாக ஓடியதையும் கவனித்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, 22 பேரிடம் செய்த ஆய்வை 1989இல் வெளியிட்டார். அங்கிருந்து வளர்ந்து இன்று எட்டுக் கட்டங்கள் உள்ள முழுச் சிகிச்சையாக இருக்கிறது. வரலாறு கேட்பது, தயார்ப்படுத்துவது, எண் போட்டு அளப்பது எல்லாம் அதில் கட்டங்கள். கண் அசைவு நடுவில்தான் வரும். ஆகவே "விரல் ஆட்டுகிற வைத்தியம்" என்று சொன்னால் அது கறியைக் கடுகு தாளிப்பு என்று சொல்வது போல.

ஏன் வேலை செய்கிறது? இன்றைக்கு அதிகம் பரிசோதிக்கப்பட்ட விளக்கம் இதுதான். மனதில் ஒரு நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடிய இடம் கொஞ்சம். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனில் யாரோ சொல்லும் கணக்கு இலக்கத்தை எழுதிப் பாருங்கள், இரண்டில் ஒன்று மங்கும். அந்த மோசமான படத்தை மனதில் பிடித்துக்கொண்டே விரலையும் பின்தொடர்ந்தால், இரண்டும் ஒரே இடத்துக்கு அடிபடுகின்றன, படத்தின் துலக்கமும் அதோடு வருகிற உணர்ச்சியும் குறைகின்றன. குறைந்த அந்த நிலையிலேயே நினைவு திரும்பிப் போய்ப் பதிகிறது என்பது கருத்து. ஆய்வுகூடங்களில் கண் அசைவுக்குப் பதிலாகப் பின்னோக்கி எண்ணச் சொல்லிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட இதே விளைவு வந்திருக்கிறது. கனவு காணும் நித்திரையில் கண்கள் ஓடுவதோடு இதைத் தொடர்புபடுத்தும் விளக்கமும் உண்டு, அதற்கு இவ்வளவு ஆதாரம் இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. நெருக்கீட்டு நினைவு ஒன்று வந்தால் ஆள் முழுக்க அங்கே போய்விடுகிறார், இந்த அறை, இந்தக் கதிரை எல்லாம் காணாமல் போகிறது. விரலைப் பின்தொடரும்போது ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இங்கேயும் இருக்க வேண்டியிருக்கிறது. இப்போது கொழும்பில், பகல் நேரத்தில், பக்கத்தில் ஒரு மனிதர் இருக்க, அந்தப் பஸ்ஸைப் பார்க்கிறீர்கள். அன்றைக்கு அப்படிப் பார்க்க வழியிருக்கவில்லை.

ஹிப்னாடிசம் இல்லை. முழு விழிப்பில் இருப்பீர்கள், எந்த நேரமும் நிறுத்தலாம். கண் அசைவு ஒத்துவராதவர்களுக்கு உள்ளங்கையில் மாறி மாறித் தட்டியோ, இரண்டு காதிலும் மாறி மாறி ஒலி கேட்கவைத்தோ செய்வோம்.

உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில் மனவடு நோய்க்கு, அதாவது கோரமான சம்பவத்துக்குப் பிறகு ஆறாமல் நிற்கும் வருத்தத்துக்கு, இரண்டு சிகிச்சைகளைப் பரிந்துரைத்தது. ஒன்று மனவடுவை மையமாகக் கொண்ட அறிவு நடத்தைச் சிகிச்சை (நினைக்கும் விதத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்குவது), மற்றது இது. பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டியிலும் இருக்கிறது, வழமையாக 8இலிருந்து 12 அமர்வுகள் என்று சொல்கிறது. உங்களுடையது போல ஒரே ஒரு சம்பவம் என்றால் அதற்கும் குறைவாக முடிவதைப் பார்த்திருக்கிறேன். பல வருடங்கள், பல இழப்புகள் என்றால் நீளும், அப்படி உள்ளவர்கள் பத்தில் முடியவில்லையே என்று மனம் உடையக் கூடாது.

பதற்றக் குணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வலுவான ஆதாரம் மனவடுவுக்குத்தான். திடீர்ப் பயம், ஏதாவது ஒன்றுக்கு மட்டும் பயம் போன்றவற்றுக்குச் சில ஆய்வுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் எப்போதும் பதகளிப்பு என்றால் அறிவு நடத்தைச் சிகிச்சையைத்தான் முதலில் சொல்வேன். விபத்தோடு வந்ததை முதலில் இறக்கிவையுங்கள், பழைய பதற்றம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பிறகு பார்க்கலாம்.

சிகிச்சை செய்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை: வலிப்பு வந்ததுண்டா, கண்ணில் ஏதும் வருத்தமா, சில நேரம் நீங்கள் "இல்லாமல்" போய் எவ்வளவு நேரம் போனதென்றே தெரியாமல் இருப்பீர்களா, என்ன குளிசை எடுக்கிறீர்கள், உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் உண்டா. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விபத்து வழக்கு நடக்கிறதா, நீங்கள் சாட்சியா? இந்தச் சிகிச்சைக்குப் பிறகு நினைவின் துலக்கம் மாறலாம், ஆகவே தொடங்குவதற்கு முன் சட்டத்தரணியோடும் சிகிச்சையாளரோடும் கதைத்துக்கொள்ளுங்கள்.


புத்தகப்பூச்சி எழுதியது:

நான் இந்தத் துறை இல்லை, ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவருக்காக இதையெல்லாம் தேடித் தேடி வாசித்தேன். மேலே சொல்லப்பட்டதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், அதைத் தெரியாமல் யாரும் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

சிகிச்சை வேலை செய்கிறதா என்பதில் பெரிய சண்டை இல்லை. அதில் கண் அசைவுக்குப் பங்கு உண்டா என்பதில்தான் சண்டை. 2001இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு, கண் அசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் இல்லை என்றது. 2013இல் வந்த இன்னொன்று, இல்லை, வித்தியாசம் இருக்கிறது என்றது. ஆகவே ஈ.எம்.டி.ஆர். செய்பவர் கிடைக்கவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த நினைவை ஒழுங்காக எதிர்கொள்ள வைக்கிற மற்றச் சிகிச்சைகளும் அதே அளவுக்கு உதவுகின்றன. எங்கள் வீட்டவருக்கு அறிவு நடத்தைச் சிகிச்சைதான் செய்தார்கள். முதலில் மணிச்சத்தத்தை ஒலிப்பதிவில் கேட்டார், பிறகு பூசை இல்லாத நேரம் வாசல் வரைக்கும் போனார், பிறகு உள்ளே பின் வாங்கில் ஐந்து நிமிடம் இருந்தார். இப்போது ஞாயிறு பூசைக்குப் போகிறார், கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் போகிறார்.

நம் நாட்டிலேயே செய்த ஓர் ஆய்வு உண்டு. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு தங்கள் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிச் செய்யும் சிகிச்சையையும், மற்றக் குழு தியானமும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும் ஆறு ஆறு அமர்வுகள் எடுத்தது. 2009இல் வெளிவந்தது. இரண்டு குழுவிலுமே பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள். அதனால் உங்கள் அம்மா கூட்டிப்போகிற கோயிலை விட்டுவிடாதீர்கள் அக்கா, ஒரு நாள் நித்திரை என்றாலும் நித்திரைதானே.

வன்னிமழை அக்கா, உங்களுக்கு நோகக்கூடாது என்று பயந்து பயந்து இதை எழுதுகிறேன். அந்த அறையில் வருகிற காட்சிகள் எல்லாம் நடந்தது அப்படியே என்று எடுத்துக்கொள்ளலாமா? நினைவு கொஞ்சம் கொஞ்சமாக மாறக்கூடியது என்று வாசித்திருக்கிறேன். இதைச் செய்யப் போகிற மற்றவர்களுக்காகக் கேட்கிறேன்.


வன்னிமழை எழுதியது:

நோகவில்லை தம்பி. இதை நானே அவரிடம் கேட்டேன். கான் அவன் கையில் இருந்தது உண்மையா, இல்லை என் மனம் எனக்குச் செய்த உபகாரமா என்று. அவர் "எனக்குத் தெரியாது, நான் அங்கே இருக்கவில்லை" என்றார். நல்ல பதில் என்று பட்டது. பிறகு அம்மாவிடம் போய்க் கேட்டேன், 2009க்குப் பிறகு முதல் தடவையாக அவரோடு அதைப் பற்றிக் கதைத்தேன். அவர் கான் எதையும் கவனிக்கவில்லையாம். ஆனால் "அவன் ஒவ்வொரு நாளும்தான் தண்ணிக்குப் போவான், நீ கேட்டா என்ன கேக்காட்டி என்ன" என்றார். அது போதும் எனக்கு.


பத்துவருடச்சீர்மியம் எழுதியது:

தம்பி கேட்டது சரியான கேள்வி. அங்கே வருகிற காட்சி சாட்சியம் இல்லை, சிகிச்சையாளர் "இதுதான் நடந்தது" என்று சொல்லவும் கூடாது, மறந்துபோன நினைவைத் தோண்டி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். கண் அசைவைப் பற்றிய சர்ச்சையும் உண்மைதான். நான் பயிற்சி எடுத்ததால் அதற்குப் பக்கச்சார்பாக இருக்கலாம், அப்படியிருந்தும் கிடைக்கிற நல்ல சிகிச்சையாளரிடம் போவது கிடைக்காத சிகிச்சைக்குக் காத்திருப்பதைவிட நல்லது என்றுதான் என்னிடம் வருபவர்களுக்கும் சொல்கிறேன்.


மருதானைச்சந்தி எழுதியது:

நான் மாறி அனுபவப்பட்டவன், அதையும் கேட்டுவிட்டுப் போங்கள். கடையில் கொள்ளை நடந்து கழுத்தில் கத்தி வைத்தார்கள். பிறகு ஒரு தனியார் இடத்தில் போன முதல் நாளே, ஒன்றும் கேட்காமல் பத்து நிமிடத்தில் விரல் ஆட்டத் தொடங்கினார்கள். கிணற்றடியும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரேயடியாக வந்து நடுங்கிக்கொண்டிருக்கும்போது நேரம் முடிந்தது, அடுத்த ஆள் வெளியே நிற்கிறார் என்று அனுப்பிவிட்டார்கள். மருதானைப் பாலத்துக்குக் கிட்ட வீதியோரமாக எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. ஓர் ஓட்டோக்கார ஐயா பிளேன்டீ வாங்கித் தந்து வீட்டில் கொண்டுவந்து விட்டார், காசும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு யூடியூபில் புள்ளி ஓடுகிற வீடியோவைப் பார்த்து நானாகவே செய்து பார்த்தேன், ஒரு கிழமை நித்திரை போனது. செய்யாதீர்கள்.

ஒன்றரை வருடம் கழித்து வேறொருவரிடம் போனேன், வன்னிமழை அக்கா சொன்னது போலவே மெதுவாக, தயார்ப்படுத்தி. ஒவ்வொரு நாளும் கடைசிக் கால் மணித்தியாலம் அவர் என்னைத் திரும்ப நிதானத்துக்குக் கொண்டுவரவே செலவழித்தார். இப்போது கடையைத் திரும்பவும் திறந்து நானே இருக்கிறேன், இரவு 8 மணிக்குத்தான் ஷட்டர் இழுக்கிறேன். ஆகவே போகும் முன் கேளுங்கள்: எங்கே பயிற்சி எடுத்தீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை செய்ய ஒருவர் இருக்கிறாரா, நேரம் முடியும்போது நான் குழம்பிப்போய் இருந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

காசு இல்லை என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் இருக்கிறது, அங்கொடை தேசிய மனநல நிறுவனமும் இருக்கிறது, இரண்டும் அரசாங்கம், இலவசம். இந்தச் சிகிச்சை அங்கே யாராவது செய்கிறார்களா, தமிழில் கதைப்பவர் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். அங்கொடை என்றால் எங்கள் சனம் "விசர் ஆஸ்பத்திரி" என்று முகத்தைத் திருப்பும். நான் போய் இருந்திருக்கிறேன், அந்த வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் போல நித்திரை இல்லாத ஆட்கள்தான். இரவில் தாங்க முடியாமல் வந்தால் 1926க்கு எடுங்கள், அது அந்த நிறுவனத்தின் இலக்கம்.


காலிவீதிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் வாசித்துவிட்டு ஒபிஸ் பாத்ரூமில் போய் அழுதேன். மருதானை அண்ணா, அந்த ஓட்டோக்கார ஐயாவை நினைத்தும் அழுதேன்.

டொக்டர் தந்த பெயரில் இருந்தவருக்கு நேற்றுப் போன் எடுத்தேன். மூன்று கேள்வியும் கேட்டேன். மூன்றாவதற்கு அவர் "அப்படிக் குழம்பாமல் இருக்கத்தான் முதல் மாதம் அந்தப் பஸ் பக்கமே போக மாட்டோம், அவசரம் இல்லை" என்றார். அடுத்த வியாழன் பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறார். வழக்கு நடக்கிறது, ஆனால் பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுத்துவிட்டேன், ஆனாலும் சட்டத்தரணியிடம் கேட்கிறேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். அவர் சிங்களம், எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இங்கிலீஷ்தான். எனக்கு இங்கிலீஷ் ஓடும், ஒபிஸில் முழுக்க அதுதான், ஆனால் இதை அதில் செய்ய முடியுமா? மற்றது, நான் கண்ணாடி போடுகிறவள், கண் நோகுமா?


பத்துவருடச்சீர்மியம் எழுதியது:

இங்கிலீஷில் செய்யலாம், ஏனென்றால் அசைவுக்கு நடுவில் நீங்கள் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அந்தப் படத்தோடு உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று கேட்கும் இடத்தில், அதைத் தமிழிலேயே மனதில் வையுங்கள், எந்தச் சொல்லில் அந்த இரவு உங்களுக்கு நோகிறதோ அந்தச் சொல்லில். வன்னிமழை "என்ர பிழை" என்றாரே, அதை இங்கிலீஷில் சொல்லியிருந்தால் தொண்டை அடைத்திருக்குமோ தெரியாது. அர்த்தத்தை அவருக்கு ஒருதரம் விளக்கிவிட்டால் போதும், நல்ல சிகிச்சையாளர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

கண்ணாடியோடே செய்யலாம், விளிம்பு மறைத்தால் கழற்றிவிடுங்கள், விரல் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. லென்ஸ் போட்டால் அன்றைக்கு வேண்டாம். கண் களைத்தால் உடனே சொல்லுங்கள், உள்ளங்கையில் தட்டிச் செய்வார். வியாழன் இரவு ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள், வெள்ளிக்கிழமை வேலைக்குப் பிந்திப் போகலாம் என்றால் இப்போதே சொல்லி வையுங்கள்.


வன்னிமழை எழுதியது:

வியாழன் திரும்பிப் போகும்போது கோச்சியில் தனியாகப் போகாதீர்கள் தங்கச்சி, யாரையாவது ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள். யாரும் இல்லை என்றால் இங்கே எனக்குத் தனிச்செய்தி போடுங்கள், நான் பம்பலப்பிட்டியில்தான் வேலை, ஐந்தரைக்கு முடியும்.